நீவிவிடுவது வேறு, ரெய்கி வேறு

"நாய்களுக்கு மசாஜும் ரெய்கியும் தரும் நன்மைகள்" என்று ஒரு வகைக் கட்டுரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூட்டுவலி குறையும், பயம் தெளியும், தூக்கம் நல்லா வரும், நோய் சீக்கிரம் குணமாகும் என்று பட்டியல் போகும். அந்தப் பட்டியலைவிட எனக்கு இடிப்பது நடுவில் இருக்கிற அந்த "உம்"தான். மசாஜ் என்றால் கை தசையைத் தொடுகிறது. ரெய்கி என்றால் கை வழியாக ஒரு பிரபஞ்ச சக்தி பாய்வதாகச் சொல்கிறார்கள். தொடக்கூட வேண்டாம், தூரத்தில் இருந்தே அனுப்பலாம் என்கிறார்கள். முதலாவது சேர்த்துவைத்த நம்பிக்கையை இரண்டாவது எடுத்துச் செலவு செய்கிறது.

மசாஜ் பக்கம் கொஞ்சம் சரக்கு இருக்கு. 1998ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னஸி குழுவினர் காப்பகத்து நாய்களை வைத்துப் பார்த்தார்கள். ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது ஏறுகிற கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை, முறையாகத் தடவிக்கொடுப்பது மட்டுப்படுத்தியது. வயசான நாய்க்கு இறுகிப்போன தசை தளர்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் "பதற்றம் குறைந்தது" என்பதில் இருந்து "நோய் குணமானது" என்பதற்கு ஒரே தாவலில் போக முடியாது. அந்தக் கட்டுரைகள் அப்படித்தான் தாவுகின்றன.

ரெய்கியை 1922 வாக்கில் ஜப்பானில் மிக்காவோ உசுயி தொடங்கினார். அது சொல்லும் சக்தியை இதுவரை எந்தக் கருவியும் அளந்து காட்டவில்லை. அதற்குப் பங்காளி முறையான "சிகிச்சைத் தொடுகை"யை எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் சோதித்தாள். நடுவில் அட்டையை மறைப்பாக வைத்து, "என் கை உங்க எந்தக் கைக்கு மேல இருக்கு, சக்தியை உணர்ந்து சொல்லுங்க" என்று 21 பேரிடம் கேட்டாள். 280 முறையில் 44 சதவீதம்தான் சரி. காசு சுண்டிப் போட்டிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். இது 1998ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது.

"நாய்க்கு நம்பிக்கை, பிளாசிபோ எல்லாம் தெரியாதே, அதுக்கும் வேலை செய்யுதே" என்று ஒரு வாதம் வரும். நாய்க்குத் தெரியாது, சரி. நமக்குத் தெரியும் இல்லையா? 2012ல் கான்செமியஸ், எவன்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய நாய்களில் மருந்தே இல்லாத மாத்திரை பெற்ற நாய்களைப் பார்த்தார்கள். கால் ஊன்றும் அழுத்தத்தைக் கருவி அளந்தது, மாற்றம் இல்லை. ஆனால் வளர்த்தவர்களின் மதிப்பீட்டில் சுமார் 40 சதவீதம் "தேவலை" பக்கம் சாய்ந்தது. மருத்துவர்களின் கண்ணும் தப்பவில்லை. பிளாசிபோ வேலை செய்தது பார்க்கிறவர் மீது.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பார்வை பார்த்து, மந்திரிச்சு, திருநீறு போடுவதைச் சிரித்து ஒதுக்குகிற ஆட்களே, அதே சங்கதி ஜப்பான் பெயரும் சான்றிதழும் வைத்து வந்தால் கையைக் கட்டி உட்காருகிறார்கள். 1954ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் விளம்பரச் சட்டம் தாயத்து, மந்திரத்தை எல்லாம் "மாய மருந்து" என்று வரையறுக்கும்போது மனிதர் நோயோடு விலங்குகளின் நோயையும் சேர்த்தே சொல்கிறது. வாயில்லா ஜீவனை வைத்து ஏமாற்றுவது அப்போதே தெரிந்த விஷயம்தான் போல.

ஒரு ஓரமா உட்கார்ந்து கை வைக்கிறதுல என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் நேரம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து படுக்கும், சாப்பிடாது, சில சமயம் கால் இழுக்கும். பார்க்க "மூட்டு வலி" மாதிரியே இருக்கும். ரத்தம் பரிசோதித்து மருந்து கொடுத்தால் பிழைக்கும், விட்டால் ரத்தத் தட்டுகள் விழும். நம்ம கரிசல் நாய்களான கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் கையில் இருப்பது சில மணி நேரம்தான். அப்போது வயிற்றை நீவக் கூடாது. தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாயை "பதற்றம்" என்று மடியில் போட்டுத் தடவினால், அது வெறிநோயாக இருந்தால் ஆபத்து தடவுகிறவருக்கும்தான். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிற ஊரில் இந்தத் தாமதத்துக்குச் சாக்கு இல்லை.

நாயின் மூட்டு மீது அக்கறை இருக்கிறவர்களுக்கு மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002ல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. தட்டில் ஒரு கை சோறும் நாலு பிஸ்கட்டும் குறைப்பதற்கு எந்த குருவிடமும் தீட்சை வாங்க வேண்டாம்.

அதனால் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு சாயங்காலம் பத்து நிமிஷம் மெதுவா நீவிவிடுங்க. கற்பூரத் தைலம் வேண்டாம், நக்கினால் விஷம். கை பட்டதும் திரும்பிப் பார்த்தால், உதட்டை நக்கினால், எழுந்து போனால் விட்டுவிடுங்க. நாய்க்குப் பிடித்தது உங்க கை. அதில் இருந்து சக்தி பாய்கிறது என்று பில் போடுகிறவரிடம், தொடாமலே கண்ணைக் கட்டிக்கொண்டு செய்து காட்டச் சொல்லிப் பாருங்க.