அதிரும் தூரிகையும் சொரசொரத்த சருமமும்

பீர்க்கங்கூட்டுக்கு மாற்றாக இந்நாளில் குளியலறைக்குள் புகுந்திருக்கும் உபகரணங்களுள் மின்கலத்தின் பலத்தால் அதிரும் சிலிகோன் தூரிகையும் ஒன்று. மேற்கையின் புறத்திலும் தொடையிலும் உப்புத்தாளைப் போல் சொரசொரக்கும் சருமத்தை அது மிருதுவாக்கிவிடும் என்று விளம்பரங்கள் சொல்வதால், அதனைச் சில வாரங்கள் உபயோகித்துப் பரீட்சித்தேன்.

அமைப்பில் குறை அதிகமில்லை. உள்ளங்கையில் அடங்குகிறது, ஐபிஎக்ஸ்7 தரம் பெற்றதாகையால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிஷம் கிடந்தாலும் பழுதுறாது, சிலிகோனில் நுண்துளைகள் இல்லாமையால் நைலான் இழைகளைக் காட்டிலும் சுத்தம் செய்வது சுலபம். ஆயினும் சோப்பு நுரை பட்டவுடன் கையைவிட்டு வழுக்குகிறது. வேகங்கள் பல இருந்தும், சருமம் சிவக்காமல் தாங்குவது மிகக் குறைந்ததை மட்டுமே.

இனிப் பிரயோஜனத்தைப் பார்ப்போம். கெராடோசிஸ் பிலாரிஸ் என்று வைத்தியர்கள் அழைக்கும் இச்சொரசொரப்பு, கெரட்டின் என்னும் புரதம் மயிர்க்காலின் வாயில் திரண்டு அடைத்துக்கொள்வதால் உண்டாவது. தொற்றாதது, தீங்கற்றது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வறண்ட பருவத்தில் மிகுவது. அந்த அடைப்பை அதிர்வு கரைப்பதில்லை. மேலே ஒட்டியிருக்கும் செதில்களை மட்டும் அகற்றுகிறது. இடக்கைக்குத் தூரிகையை மட்டும், வலக்கைக்கு யூரியா சேர்ந்த களிம்பை மட்டும் பிரயோகித்து வந்ததில், குளித்தெழுந்த வேளையில் வழவழப்பாயிருந்த இடக்கை மறுநாளே பழைய நிலைக்குத் திரும்ப, வலக்கையோ மெல்ல மெல்ல நயமடைந்து அந்நயத்திலேயே நிலைத்தது.

ஆகவே தூரிகையை வைத்திருப்போர் அதனை வாரத்துக்கு இரண்டொரு முறை, வெதுவெதுப்பான நீரிலும் மணமற்ற மென்மையான சோப்பிலும், அழுத்தாமல் உபயோகித்து, துண்டால் ஒற்றி, ஈரம் முற்றும் உலருமுன் யூரியாக் களிம்பைத் தடவுவது உசிதம். லாக்டிக் அமிலமோ சாலிசிலிக் அமிலமோ சேர்ந்த களிம்பாயின், தூரிகை தொட்ட நாளில் அதைத் தவிர்க்கவேண்டும். தூரிகையும் அமிலமும் சேர்ந்தால் எரிச்சலும், மாநிறச் சருமத்தில் நெடுநாள் மறையாத கறுப்புத் திட்டும் நேரக்கூடும். புண்ணோ கரப்பானோ உள்ள இடத்தில் அதிர்வே கூடாது.

என் அபிப்பிராயம் இதுதான்: இரண்டில் ஒன்றுக்கே பணம் உள்ளவர் களிம்பை வாங்கட்டும், தினந்தோறும் களிம்பு தடவும் பொறுமை ஏற்கெனவே உடையவருக்குத் தூரிகை ஒரு சௌகரியம், அப்பொறுமை இல்லாதவருக்கு வீண் செலவு.