சுடாத துப்பாக்கியின் அழகு

பழைய கைத்துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் திருகாணிகளை. பித்தளையின் மினுக்கும் குழலின் நீளமும் பிறகுதான். திருகாணித் தலையின் வெட்டு நேராகவும் விளிம்பு கூராகவும் இருந்தால், இதுவரை அதைக் கழற்றியவர்கள் வேலை தெரிந்தவர்கள். வெட்டு சிதைந்து, பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய கீறல் ஓடியிருந்தால், உள்ளே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இருநூறு வருஷம் தாக்குப்பிடித்த இரும்பை மழையும் வியர்வையும் கெடுத்ததைவிட, பழுதுபார்க்கிறேன் என்று உட்கார்ந்தவர்கள் கெடுத்ததுதான் அதிகம்.

எங்கள் பக்கத்தில் இந்த ரசனைக்குக் கூட்டம் கிடையாது. ராஜபாளையம் என்றால் வெளியூர்க்காரருக்கு வேட்டை நாயும் நூல் மில்லும்; ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோபுரமும் பால்கோவாவும். ஆனால் மேற்கு மலையடிவாரத்தில் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி என்று வரிசையாகப் பாளையங்கள் இருந்த பூமி இது. 1750-களில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டைக்காக நவாபின் ஆட்களும் புலித்தேவரும் மோதினார்கள். இப்படிப்பட்ட ஊரில் பழைய ஆயுதம் வீட்டுக்கு வீடு கிடைக்க வேண்டுமே என்று தோன்றும். கிடைக்காது. அதற்குக் காரணம் உண்டு.

பாஞ்சாலங்குறிச்சிப் போரும் மருது சகோதரர்களின் போரும் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். அதோடு இந்தச் சீமையின் ஆயுதசாலைகள் காலியாயின. மிஞ்சியவை 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் அடங்கின. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம் என்று வகுத்த சட்டம் அது. தவிர, பாளையக்காரர் படையின் பலம் நீண்ட ஈட்டியிலும் திரி வைத்துச் சுடும் நெடுந்துப்பாக்கியிலும் இருந்தது. 1801 போரில் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் ஈட்டியையும் வளரியையும் வியந்து எழுதியிருக்கிறார். கைத்துப்பாக்கி இங்கே பிறந்த பொருள் அல்ல. கம்பெனிக் குதிரைவீரனின் சேணப் பையிலும், மலைத்தோட்டத்துத் துரையின் மேசை இழுப்பறையிலும், ஜமீனுக்கு வந்த பரிசுப் பெட்டியிலும் ஏறி வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் வெள்ளிச் சாமானுக்கும் பேர்போன பி.ஓர் அண்ட் சன்ஸ் ஒருகாலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள் என்பது இன்று பலருக்குத் தெரியாது.

வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கம்பெனியின் குதிரைப்படைக் கைத்துப்பாக்கி. சக்கிமுக்கிக் கல்லில் இயங்குவது. குழல் ஏறத்தாழ 9 அங்குலம். வால்நட் மரப்பிடி கீழ்நோக்கி வளைந்து பித்தளைக் குமிழில் முடியும். விசையை இழுத்தால் ‘குதிரை’ எனப்படும் சுத்தி பாய்ந்து, அதன் வாயிலுள்ள கல் எதிரே நிற்கும் எஃகு நாக்கில் உரசும்; நாக்கு பின்னால் சாயும்; கிண்ணியிலிருக்கும் மருந்தில் பொறி விழும்; தீ பற்றுவாய் வழியே குழலுக்குள் புகும். கல், எஃகு, மருந்து, துளை என்ற நான்கில் ஒன்று பிசகினாலும் வெடிக்காது. மழை நாளில் பெரும்பாலும் வெடித்ததும் இல்லை.

இதில் நகாசு வேலை எதுவும் கிடையாது. அழகெல்லாம் கோட்டில் இருக்கிறது. குதிரையின் கழுத்து வளைவும், எஃகு நாக்கின் முன்னால் சுருளும் வில்லும், பக்கத் தகட்டின் வால்முனையும் ஒரே கை ஓட்டத்தில் இழுத்த கோடுபோல் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பும். குழலுக்கு அடியில், மருந்தைக் கெட்டிக்கும் கம்பியைக் கீலில் மாட்டியிருப்பார்கள். ஓடும் குதிரைமேல் உட்கார்ந்து கெட்டிக்கிறவன் கம்பியைத் தவறவிட்டால் இறங்கி எடுக்க முடியாது. அதற்காகச் செய்த ஏற்பாடு. அந்தக் கீல் இன்னும் தளராமல், கம்பியை வெளியே இழுத்து, திருப்பி, குழல் வாய்க்குள் நுழைக்க முடிகிற ஒன்றைக் கையாள்வது தனி சுகம்.

பக்கத் தகட்டில் முத்திரை இருக்கும். பழையதாக இருந்தால் நான்காகப் பிரித்த இதய வடிவம், உள்ளே கம்பெனியின் எழுத்துகள். மூட்டைகளின் மேல் குத்திய அதே வணிகக் குறிதான் துப்பாக்கிக்கும். 1808 வாக்கில் அது போய், கிரீடத்தைத் தாங்கிப் பின்னங்கால்களில் நிற்கும் சிங்கம் வந்தது. வியாபாரி அரசனான கதையை அந்த இரண்டு முத்திரைகளும் அரை அங்குல இடத்தில் சொல்லிவிடுகின்றன.

இதற்கு நேரெதிர் திப்பு சுல்தானின் துப்பாக்கிகள். குழல் வாயில் புலித்தலை, தகட்டில் புலி, உடம்பெல்லாம் புலிவரி. வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என்று கண்ணாடியில் பார்த்ததுபோல் ஜோடியாகச் செய்த கைத்துப்பாக்கிகளும் உண்டு. ராபின் விகிங்டன் என்ற சேகரிப்பாளரிடம் இருந்த திப்புவின் பொருள்கள் 2015 ஏப்ரலில் லண்டன் போனாம்ஸ் ஏலத்தில் 30 உருப்படிகளாக விற்று, 60 லட்சம் பவுண்டைத் தாண்டின. அவற்றின் அழகை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பார்த்தவுடன் பிடித்து இழுக்கும். கம்பெனிக் கைத்துப்பாக்கி அப்படி இழுக்காது. பத்து முறை பார்த்தபின்தான் வழிக்கு வரும். எனக்கு அந்தத் தாமதம் பிடித்திருக்கிறது.

வாங்கும்போது கண் ஏமாறும் இடங்கள் சில. சக்கிமுக்கி முறை 1840 வாக்கில் வழக்கொழிந்து, செம்பு மூடிக்குள் அடைத்த வெடிமருந்து வந்தபோது, ஏராளமான பழைய துப்பாக்கிகளைப் புது முறைக்கு மாற்றினார்கள். பின்னாளில் சேகரிப்பாளர்கள் சக்கிமுக்கிக்கு அதிக விலை கொடுக்கத் தொடங்கியதும், சில வியாபாரிகள் அவற்றைத் திரும்பவும் பழைய முறைக்கே மாற்றினார்கள். தகட்டில் துளை அடைத்த தடம், கிண்ணிக்கும் குழலுக்கும் இடையே பொருந்தாத நிறம், மற்ற பாகங்களைவிட இளமையான குதிரை ஆகியவை காட்டிக்கொடுக்கும். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் செய்த நகல்களில் ஆங்கில எழுத்துகள் தலைகீழாகவோ தப்பாகவோ விழுந்திருக்கும். ராஜஸ்தானில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்கிற அலங்காரத் துப்பாக்கிகளில் துருவும் புதிதாக, ஒரே சீராக இருக்கும். உண்மையான துரு சீராகப் பிடிக்காது. கை பட்ட இடத்தில் ஒரு மாதிரி, மரம் மூடிய இடத்தில் வேறு மாதிரி.

இரும்பைவிடக் கதைதான் அதிகம் ஏமாற்றும். கட்டபொம்மன் வைத்திருந்தது, ஜமீன்தார் புலி சுட்டது என்று எந்தத் துருப்பிடித்த இரும்புக்கும் ஒரு கதை ஒட்டிக்கொள்ளும். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையிலிருந்தது பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வெளிவந்த சரக்கு அது. இரும்பை மட்டும் பார்த்தால் அதற்கும் பக்கத்துப் பெட்டியில் இருந்ததற்கும் வித்தியாசம் கிடையாது. வழக்குக் கட்டும் சாட்சியமும்தான் ஒன்றைச் சரித்திரமாக்கின. 1914 ஆகஸ்டில் கல்கத்தா ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்து வங்கப் புரட்சியாளர்கள் கடத்திய 50 மவுசர்களும் அப்படித்தான். ஆகவே காகிதம் இல்லாத கதைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது.

காகிதம் என்றதும் சட்டத்துக்கு வர வேண்டும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரியையோ பழம்பொருள் மதிப்புள்ளதையோ பழுதானதையோ உரிமத்திலிருந்து விலக்குகிறது. நிபந்தனை ஒன்று: பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் இருக்க வேண்டும். வயது மட்டும் காப்பாற்றாது. இருநூறு வருஷத்துக் கம்பெனிக் கைத்துப்பாக்கியாக இருந்தாலும், சுடக்கூடியதென்றால் அதைச் சுடவும் வெளியே எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். உரிமத்திலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கிலேயே சேரும். நூறு வயதைத் தாண்டிய பொருள் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வருவதால், நாட்டைவிட்டு வெளியே அனுப்ப நினைக்கக் கூடாது. வாங்கும் முன் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது தலைவலியைக் குறைக்கும். உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி தெரியும்: தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த 45-ஆம் பிரிவைப் படித்தால் பரிதாபப்படுவார்கள். அங்கே பழுதுபார்ப்பதன் உச்சம், பழைய துப்பாக்கியை மைதானத்துக்குக் கொண்டுபோய் ஒருமுறை சுட்டுப் பார்ப்பது. நான் இந்தச் சட்டத்தை ரசனையின் பக்கம் நிற்கும் சட்டமாகவே பார்க்கிறேன். மறுபடி சுட வைக்க வேண்டுமானால் வில்லை மாற்ற வேண்டும், எஃகு நாக்குக்குப் புதுப் பூண் போட வேண்டும், பற்றுவாயைத் துளைத்துப் புதுக்குழாய் செருக வேண்டும். ஒவ்வொன்றும் பழைய கைவேலையை அழித்து நம் வேலையை நுழைப்பது. சுட வேண்டாம் என்று முடிவான பிறகு, எதையும் மாற்ற வேண்டிய அவசியம் போய்விடுகிறது. மிஞ்சுவது காப்பது மட்டும்.

காப்பதில் முதல் வேலை, உள்ளே கெட்டித்திருக்கிறதா என்று பார்ப்பது. கருமருந்து நனையாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் முட்டும்வரை விட்டு, வாயருகே குறி வைத்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். குச்சி முனை பற்றுவாய்க்கு நன்றாக முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்போது நாம் கையை எடுத்துவிட்டுக் காவல் துறையிடமோ உரிமம் பெற்ற துப்பாக்கி வேலைக்காரரிடமோ சொல்ல வேண்டும். இதில் வீரம் கூடாது.

அடுத்தது படம் எடுப்பது; எல்லாப் பக்கமும், ஒவ்வொரு முத்திரையும். பிறகு எண்ணெய். இறுகிய திருகாணியில் ஒரு சொட்டு விட்டு நாள்கணக்கில் காத்திருப்பவனுக்குத்தான் இந்த வேலை. சிவப்பாக உதிர்கிற துரு தின்கிற துரு; அதை எடுக்க வேண்டும். கரும்பழுப்பாக, வழவழப்பாக இரும்போடு ஒட்டியது வயதின் தோல். அதைத் தொடக் கூடாது. எமரித் தாளும் பட்டறைப் பஃப் சக்கரமும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காது. பத்து நிமிஷத்தில் முத்திரையையும் சேர்த்து வழித்துவிட்டுக் கண்ணாடிபோல் ஒரு பிணத்தைக் கையில் கொடுக்கும். துணியும் எண்ணெயும் விரல் நகமும் போதும். எங்களுக்குத் துணிக்குப் பஞ்சமில்லை; பக்கத்துச் சத்திரப்பட்டியே மருத்துவமனைக் காஸ் துணி நெய்யும் ஊர். குழல் துடைக்க அதைவிட மென்மையானது கிடையாது.

எடுக்க முடியாத துருவை அடக்க, அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் டானிக் அமிலம் பூசுவார்கள். இரும்போடு சேர்ந்து அது கருநிறப் படலமாகி நிற்கும். நம் கடுக்காயில் இருக்கும் துவர்ப்பும் டானின்தான். இரும்போடு சேர்த்துக் கடுக்காய் மை காய்ச்சியவர்களுக்கு இந்த ரசாயனம் கைப்பழக்கம். மேலே மெல்லிய மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950-களில் உருவான ரினைசான்ஸ் மெழுகு உலகம் முழுக்கப் புழங்குகிறது. மரத்துக்கு ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையில் தேய்த்த ஈரம் அளவுக்கு மட்டும். பித்தளையை விளக்கக் கூடாது. வெடித்த வால்நட்டுக்குத் தேக்குத் துண்டு ஒட்டுவதைவிட வெடிப்பு மேல். பால்கோவாவை எந்தப் பதத்தில் அடுப்பிலிருந்து இறக்குவது என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் கைத்திறன் என்பது நிறுத்தும் இடம் தெரிவதுதான்.

வைக்கும்போது தோலுறைக்குள் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த அமிலம் இரும்பைத் தின்னும். கையுறை போட்டுத் தொட வேண்டும்; வியர்வையின் உப்பு ஒரு ஐப்பசி மழைக்குள் கைரேகையைத் துருவாக எழுதிவிடும்.

வாங்க வசதியோ சட்டத்தோடு மல்லுக்கட்டப் பொறுமையோ இல்லாதவர்கள் ஒன்றும் இழக்கவில்லை. புனித ஜார்ஜ் கோட்டையில் 1948-இல் திறந்த அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத்து ஆயுதங்கள் இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் மிச்சம் இருக்கிறது. வாங்குகிறவர்களும் முதலில் அங்கே போய்க் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

வாங்கியவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. எந்தத் திருகாணியைக் கழற்றினோம், எந்த எண்ணெயைப் போட்டோம், எதைத் தொடாமல் விட்டோம், ஏன் விட்டோம் என்று ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுத் துப்பாக்கியோடு வைக்க வேண்டும். முன்னால் வந்தவர்கள் யாரும் அப்படி எழுதவில்லை. அதனால்தான் நாம் சிதைந்த திருகாணித் தலைகளைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருக்கிறோம். நமக்குப் பின்னால் வாங்குகிறவர் ஊகிக்க வேண்டிய நிலை வரக் கூடாது.