15 வயதுச் சிதம்பரம்

அண்மையில் வாசித்ததில் பூமணியின் ‘வெக்கை’ இன்னும் மனதை விடவில்லை. 1982இல் வந்த நாவல். இதைத் தழுவி எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, அப்பாவோடு எட்டு நாள் ஒளிந்து திரிகிறான் சிதம்பரம். வயது 15. பத்தாம் வகுப்பில் என் முன்னால் உட்காரும் பையன்களின் வயது. பூமணி அவனை வீரனாக்கவில்லை. அவனுக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, அம்மா நினைப்பு வருகிறது. காட்டில் அப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் பேச்சில்தான் நாவலின் உயிர். கரிசல் வழக்கு அப்படியே காதில் விழும்.

அடுத்து இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவல். தீக்காயத்தோடு மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வெளியே தவித்து நிற்கிற தகப்பன் ஒரு வாத்தியார். புலம்பல் சில இடங்களில் நீள்கிறதுதான். ஆனால் அந்த வராந்தாவில் வேறெப்படிப் பேசுவார்கள்? இரண்டையும் சக ஆசிரியர்களிடம் கொடுத்திருக்கிறேன்.