இரண்டு புள்ளியும் ஒரு லீவரும்

98, 95, 94, 95, 98, 95. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று, மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றில் மனு பாக்கர் எடுத்த ஆறு சீரிஸ் இவை. மொத்தம் 575, இடம் 12. எட்டாவதாக இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தவர் எடுத்தது 577. நம் ஆட்கள் வழக்கம்போல 'பதற்றம், அனுபவம் போதாது' என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்த ஆறு எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

முதல் சீரிஸில் 98. உலகத் தரமான தொடக்கம். இரண்டாவது சீரிஸின் நடுவில், 16 குண்டு முடிந்து 44 பாக்கி இருக்கும்போது பிஸ்டல் வேலைசெய்யாமல் நின்றது. எலக்ட்ரானிக் டிரிகரில் கோளாறு என்று முதலில் செய்தி வந்தது. காக்கிங் லீவர் உடைந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு பெல்லட்டுக்கும் முன்னால் டிரிகரைத் தயார் செய்யும் நெம்புகோல் அது. அது இல்லாமல் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள சுவிட்சர்லாந்து பிஸ்டலும் வெறும் உலோகம்தான்.

பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே போய், பழுது பார்த்து, சோதித்து, திரும்பி வந்து நின்றபோது கால் மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. அறுபது குண்டுக்கு 75 நிமிடம் என்பது சர்வதேச விதி. சராசரியாக ஒரு குண்டுக்கு 75 வினாடி. மனு திரும்பியபோது மிச்சமிருந்தது 40 நிமிடத்துக்கும் குறைவு, சுட வேண்டியது 44. அதாவது ஒரு குண்டுக்கு 55 வினாடிகூட இல்லை. சொந்தத் துப்பாக்கி பழுதானதற்காக நேரம் கூட்டித் தரவில்லை; கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஏர் பிஸ்டலில் கை தூக்குவது, மூச்சை அடக்குவது, சைட்டில் கண்ணை நிறுத்துவது, விரலை அழுத்துவது எல்லாம் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். மனசு ஒப்பாவிட்டால் சுடாமல் கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவதுதான் நல்ல ஷூட்டரின் அடையாளம். நேரம் குறையும்போது முதலில் பறிபோவது அந்தச் சுதந்திரம். 95, 94, 95 என்று இறங்கியதற்கு அதுவே போதுமான காரணம். அப்படியும் ஐந்தாவது சீரிஸில் 98 எடுத்தார் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண். பதற்றத்தில் உடைந்துபோனவர் எடுக்கும் எண்ணா அது?

மாற்றுத் துப்பாக்கியை எடுத்திருக்கலாமே என்று கேட்பது எளிது. ஒரே மாடல் என்றாலும் கிரிப்பின் மரம் உள்ளங்கையில் வேறு மாதிரி உட்காரும், சைட்டின் கிளிக் வேறாக இருக்கும். டிரிகர் எடை விதிப்படி 500 கிராமுக்குக் குறையக் கூடாது. ஆனால் அது விடுபடும் உணர்வு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மாற்றுத் துப்பாக்கியில் வென்றவரும் உண்டு. அமெரிக்காவின் மாத்யூ எம்மன்ஸுடைய ரைஃபிளை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு முன் யாரோ சேதப்படுத்திவிட்டார்கள். சக வீராங்கனையின் ரைஃபிளை வாங்கிச் சுட்டு, படுத்துச் சுடும் புரோன் பிரிவில் தங்கம் வென்றார். ஆனால் அவருக்குப் பழக மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. போட்டியின் நடுவே மாற்றுத் துப்பாக்கி உதவ வேண்டுமென்றால், அதற்கு முந்தைய மாதங்களில் அதைக் கையில் எடுத்துச் சுட்டிருக்க வேண்டும்.

டோக்கியோவுக்குப் பிறகு பழி யார் மீது என்ற சண்டை வீதிக்கு வந்தது. பயிற்சியாளர், அணி, துப்பாக்கி சுடுதல் சங்கம், கருவி என்று விரல்கள் எல்லாத் திசையிலும் நீண்டன. எந்த நிறுவனத்தின் வாரண்டி அட்டையை எடுத்தாலும் அது பேசுவது உதிரிபாகத்தைப் பற்றித்தான். லீவர் உடைந்தால் புது லீவர் வரும். இழந்த இரண்டு புள்ளி வராது. பெரிய போட்டிகளுக்குத் தயாரிப்பாளர்கள் தங்கள் மெக்கானிக்குகளை அனுப்பி, ரேஞ்சிலேயே மேஜை போட்டு உட்காரவைப்பது இதனால்தான். விளையாட்டு வீரருக்கு நிஜமான வாரண்டி அந்த மேஜை. போட்டிக்கு முந்தைய நாளே அங்கே துப்பாக்கியைக் கழற்றிக் காட்டுவதை அணி நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும்.

இது ஒலிம்பிக் அளவில் மட்டும் நிற்கிற விஷயமில்லை. நங்கநல்லூரில் பிள்ளைக்கு ஏர் பிஸ்டல் வாங்கித் தரும் பெற்றோரும் இதே கணக்கைப் போட வேண்டும். 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் வேண்டாம் என்பதால் வாங்குவது சுலபம், பராமரிப்பதுதான் பாடு. வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளை சிலிண்டரைக் காலி செய்துதான் விமானத்தில் ஏற்ற முடியும். இறங்கிய ஊரில் மறுபடி காற்று நிரப்பி, வாஷரில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, சைட்டைச் சரிபார்க்க வேண்டும். சிலிண்டரின் மேல் பொறித்த தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து ஆண்டு தாண்டியிருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். பழைய பிஸ்டலை மலிவாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தேதியைத்தான் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

வாங்கும் கடையில் விலையைப் பேசும்போதே இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். உதிரிபாகம் இந்தியாவிலேயே கையிருப்பில் உண்டா? பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார்? அனுப்பினால் எத்தனை நாளில் திரும்பும்? பதிலை எழுத்தில் வாங்கி, ரசீதோடு வையுங்கள். எத்தனை ஆயிரம் குண்டு சுட்டது, எப்போது வாஷர் மாற்றியது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால் வாரண்டி கேட்கும்போது அதுதான் சாட்சி. மாநில அளவில் பிஸ்டலுக்கு உதவித்தொகை தருகிறவர்கள், அதோடு ஒரு உதிரிபாகப் பெட்டிக்கும் பணம் ஒதுக்கினால் கோடி புண்ணியம்.

2024 ஜூலை இறுதியில் பாரிஸில் அதே பிரிவில், அதே நிறுவனத்தின் பிஸ்டலோடு மனு வந்தார். தகுதிச்சுற்றில் 580, மூன்றாம் இடம். ஜூலை 28 அன்று இறுதிச்சுற்றில் 221.7 புள்ளியோடு வெண்கலம். வெள்ளிக்கான வாய்ப்பு 0.1 புள்ளியில் நழுவியது. இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். டோக்கியோவில் சுட்டவருக்குத் திறமை குறைவு என்று எழுதியவர்கள் இந்த எண்களையும் சேர்த்துப் படிக்கட்டும். அன்று குறைந்திருந்தது இரண்டு புள்ளி. அதில் லீவருக்கு எவ்வளவு பங்கு, முன்னேற்பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு சங்கத்துக்கு உண்டு.