பல்லியை அடியிலிருந்து பாருங்கள்

பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டத் தெரிந்தவர்கள் நாம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடாமல் திரும்புவதில்லை. விழுந்தது எந்தப் பல்லி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பொன்னமராவதியிலிருந்து பறவை பார்க்க வேட்டங்குடி வரைக்கும் வண்டி கட்டிப் போகிறவர்கள்கூட, தங்கள் வீட்டு ட்யூப்லைட்டுக்குக் கீழே தினமும் வேட்டை நடத்தும் உயிரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பல்லி எல்லாம் ஒன்றுதானே என்கிறார்கள். தமிழகச் சமவெளியில் வீட்டையும் தோட்டத்தையும் ஒட்டி வாழ்பவற்றில் மட்டும் பரவலானவை மூன்று இனங்கள். அவற்றில் ஒன்றின் பெயர்க் கதை இலங்கைத் தீவு வழியாக போர்னியோ வரை போகிறது.

அரிச்சுவடியைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். இம்மூன்றும் ஹெமிடாக்டைலஸ் பேரினம். கண்ணுக்கு இமை கிடையாது. வெளிச்சத்தில் பாவை செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும். விரலடிப் பட்டைகள் பிளந்து இரண்டிரண்டாக இருக்கும். பாவை வட்டமாகவும் விரல்கள் பட்டை அகலாமல் மெலிந்தும் இருந்தால் அது நெமாஸ்பிஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துப் பல்லி ஒன்றுக்கு 2024-ல் ஓவியர் வான்கோவின் பெயரை வைத்தார்களே, அந்தக் கூட்டம். இனி முதுகு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புடைப்புகள், வாலில் வளையம் வளையமாக முட்கள், இரவெல்லாம் 'ட்சிக் ட்சிக்' என்றால் ஃப்ரெனாட்டஸ். பெரிய உடம்பு, புடைப்பே அநேகமாக இல்லாத முதுகு, மரப்பட்டையோடு கலந்துபோகும் அலைக்கோடுகள் என்றால் லெஷெனால்ட்டி. கடுகு பதித்ததுபோல் வரிசை வரிசையாகப் புடைப்புகளும் கரும்புள்ளிகளும் இருந்தால் பார்விமாகுலாட்டஸ்.

இதோடு நிறுத்திக்கொள்கிற வழிகாட்டிகள்தான் அதிகம். எனக்கு அவற்றின் மேல் மதிப்பில்லை, ஏனென்றால் பல்லியின் உண்மையான கையெழுத்து அதன் தொடைக்கு அடியில் இருக்கிறது. ஆண் பல்லியின் பின்தொடைகளிலும் மலப்புழைக்கு முன்னாலும் மெழுகுப் பசை சுரக்கும் நுண்துளைகள் வரிசையாக அமைந்திருக்கும். தன் இடத்தையும் தன் இருப்பையும் மற்றப் பல்லிகளுக்கு வாசனையால் அறிவிக்க உதவும் துளைகள் இவை. ஃப்ரெனாட்டஸில் இந்த வரிசை ஒரு தொடையில் தொடங்கி, நடுவில் அறுபடாமல் மறு தொடைவரை ஒரே கோடாக ஓடும். மற்ற இரண்டிலும் கோடு நடுவில் அறுந்து, இடைவெளி விட்டு, இரண்டு தனி வரிசைகளாக நிற்கும். ஓடுகிறதா, அறுகிறதா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அறுந்தால் எந்த இடத்தில், இடைவெளியில் எத்தனை செதில், பக்கத்துக்கு எத்தனை துளை என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போகலாம். புதிய இனத்தை விவரிக்கும் ஆய்வாளர்கள் இந்தத் துளைகளையும் இடையிலுள்ள செதில்களையும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதுவது வீணுக்கல்ல. பல்லியைப் பிடிக்கவோ துன்புறுத்தவோ வேண்டியதுமில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூச்சிக்காகக் காத்திருக்கும் ஆண் பல்லி, இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தன் அடிவயிறு முழுவதையும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பெண்ணுக்கும் குஞ்சுக்கும் இந்தத் துளைவரிசை இல்லையே என்று கேட்பது நியாயம். அவற்றுக்கு முதுகுப் புடைப்பு போதும். நிறத்தை நம்புவதுதான் நியாயமில்லை. பகலில் கறுத்திருக்கும் பல்லி இரவில் வெளிறிப்போகும். அதே பல்லி, அதே சுவர். முதுகுப் படம் ஒன்றைச் செயலியில் போட்டு, அது சொல்லும் பெயரை அப்படியே பகிர்ந்துவிட்டு, பல்லி தெரியும் என்று சொல்லிக்கொள்கிற இன்றைய மோகம் மேம்போக்கானது. அழகான படம் சேர்கிறது, பார்வை வளர்வதில்லை.

மரபணு எல்லாவற்றையும் சொல்லிவிடும்போது துளை எதற்கு என்பது கனமான மறுப்பு. பதில் பார்விமாகுலாட்டஸிலேயே இருக்கிறது. 1845-ல் விலங்கியலாளர் கிரே, போர்னியோ பல்லி ஒன்றுக்கு சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரால் புரூக்கி என்று பெயரிட்டார். பிறகு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புடைப்பு முதுகோடு திரிந்த பல்லிகளையெல்லாம் அந்தப் பெயருக்குள்ளேயே அடைத்தார்கள். 1953-ல் கொழும்பு அருங்காட்சியகத்தின் தெரணியகல, இலங்கைப் பல்லியைப் பிரித்து பார்விமாகுலாட்டஸ் என்ற உள்ளினமாக்கினார். அது தனி இனமே என்று 2010-ல் மரபணு உறுதிசெய்தது. ஆகவே உடலைப் பார்த்த கண்தான் அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. இந்தப் பிரிப்பெல்லாம் பெயர் பெருக்கும் வேலை என்று அலுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பிரிக்காமல் இருந்திருந்தால், இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான ஒரு பல்லி மஸ்கரீன் தீவுகளுக்கும் அமெரிக்காவின் லூசியானாவுக்கும் போய்க் குடியேறியது தெரிந்தே இருக்காது. 2019-ல் கொல்லிமலை, சங்ககிரி பெயர்களில் இரண்டு ஹெமிடாக்டைலஸ் இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கவும் மாட்டா.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் வால். ஃப்ரெனாட்டஸின் வாலில் முள்வளையம் காணோம் என்று வேறு பெயர் வைத்துவிடாதீர்கள். அறுந்து மறுபடி முளைத்த வால் வழவழவென்றுதான் இருக்கும். வால் எத்தனை முறை போனாலும் தொடைக்கோடு மாறுவதில்லை. மழைக்காலத்தில் ஈசல் கிளம்பும் அந்தியில் வெளி விளக்கைப் போட்டு, உள் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி ஜன்னலருகில் நில்லுங்கள். போன் கேமராவைக் கொஞ்சம் பெரிதாக்கினால் துளைகளை எண்ணவே முடியும்.