புறம்போக்குப் பாட்டு

புறம்போக்கு என்ற சொல் முதலில் வசவாகத்தான் என் காதில் விழுந்தது. எங்கள் கள்ளிக்குப்பத்துக் குழாயடியில் இன்றைக்கும் அது வசவுதான். கிராமக் கணக்கில் அதற்கு வேறு அர்த்தம்: ஏரி, ஆறு, மேய்ச்சல் வெளி என்று யாருக்கும் பட்டா இல்லாத பொது இடம். பொதுச் சொத்து வசவாகிப்போன விபரீதத்தைப் பாடுவது, 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’.

கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக அமைத்ததை டி.எம். கிருஷ்ணா பாடியிருக்கிறார். சபாவில் அல்ல, எண்ணூர்க் கழிமுகத்தில், அனல் மின் நிலையங்களையும் சாம்பலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆனந்தபைரவியில் தொடங்குகிறது. இந்தப் பேச்சு ராகத்தில் உட்காருமா என்று சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன். பேகடா வந்ததும் சந்தேகம் போய்விட்டது. கொச்சை என்று நாம் ஒதுக்கிய பேச்சும் ஒரு புறம்போக்குத்தானே! சங்கீதம் அதன்மேல் தயவு காட்டவில்லை, சரியாசனம் கொடுத்திருக்கிறது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. 2019 ஜூனில் செங்குன்றம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது கரையில் நின்று இந்தப் பாட்டை நினைத்துக்கொண்டேன். எண்ணூரில் கடலைச் சேர்வது கொசஸ்தலை ஆறு. படத்தில் கழிமுகம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அதில் பெரும்பங்கு ஓதத்தில் உள்ளே வரும் கடல்நீர். ஆற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணையும், 1944இல் வந்த பூண்டி நீர்த்தேக்கமும் நகரத்துக்குத் திருப்பிவிட்டன. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரையும் அளவு மீறி இறைத்ததில், உப்பு பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

சாம்பல் கண்ணுக்குத் தெரிகிறது, கொட்டியவனும் தெரிகிறான். தண்ணீர் இல்லாமல் போனதைப் படம் பிடிப்பது கஷ்டம், குடித்தவர்கள் நாம். முடிவில் பாடகர் தம்மையே புறம்போக்கு என்று சொல்லிக்கொண்டு நம்மையும் கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டிவிடலாம், அதில் ஒரு பெருமைகூட உண்டு. எத்தனை குடம் பிடித்தாய் என்று கேட்டிருந்தால் நான் நெளிந்திருப்பேன்.

சிட்டியும் ஜானகிராமனும் 1971இல் ‘நடந்தாய் வாழி காவேரி’யில் ஆற்றோடு கூடவே போனார்கள். மேலூரும் கீழூரும் ஒரே புத்தகத்தில் வந்துவிட்டன. சில நிமிஷப் பாட்டிடம் அதைக் கேட்பது நியாயமில்லைதான். இருந்தாலும், இந்த ராகமாலிகையில் இன்னும் ஒரு ராகம் சேர்ப்பதாக இருந்தால், அதைப் பூண்டி மதகின்மேல் நின்று பாடலாம்.