ஏவல் மட்டும் கற்ற பேரரசு

பல மொழி பேசும் மக்களை ஒரு குடைக்கீழ் வைத்து ஆண்ட ஐரோப்பியப் பேரரசுகளைப் பற்றி எழுதுவோர், அவற்றில் வழங்கிய மொழிகளின் எண்ணிக்கையை முதலிற் கூறி வியப்பது வழக்கம். எத்தனை மொழிகள் வழங்கின என்பது ஒரு கேள்வி. ஆண்டவர் அம்மொழிகளில் ஆளப்பட்டவரோடு என்ன பேசினர் என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குக் குடிக்கணக்கு விடை கூறும். பின்னதற்கு இலக்கணமே விடை கூறும்.

மலாயாத் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் தமிழ் கற்றனர். தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளி இருந்தது. ஆதலின் அவ்வாட்சி தமிழைப் போற்றிய ஆட்சியே என்று பேசுவார் இன்றும் உளர். இக்கூற்றை உணர்ச்சியால் ஏற்பதும் தவறு. உணர்ச்சியால் தள்ளுவதும் தவறு. இலக்கணம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். அது தமிழாசிரியர் கையிலுள்ள கல்லேயாகும்.

கிரியான் ஆற்றங்கரை

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்தது பண்டார் பாரு. ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார். சிறிது தொலைவு சென்றால் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் இவ்வட்டாரம் ஒரே நாளில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டதன்று. பினாங்குத் தீவு 1786இலும், அதற்கெதிரே உள்ள கரையோர நிலம் 1800இலும் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கும்பினியின் கைக்குச் சென்றன. பேராக் 1874இல் பங்கோர் உடன்படிக்கையால் பிரிட்டிஷ் மேலாட்சிக்குள் வந்தது. கெடாவோ சயாமின் மேலாண்மையில் இருந்து, 1909ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கைக்குப் பின்னரே பிரிட்டிஷாரிடம் சேர்ந்தது.

இந்நிலத்தில் ஒலித்த மொழிகளோ பல. கம்பங்களில் கெடா மலாய், வடக்கே சயாம்மொழி, சீனர் கடைகளில் தியோச்சியூவும் ஹொக்கியனும், கிரியான் நெல்வயல்களில் போர்னியோவிலிருந்து குடியேறிய பஞ்சார் மக்களின் மொழி, தோட்டத்து லயங்களில் தமிழும், தமிழோடு தெலுங்கும் மலையாளமும், துரை பங்களாவில் ஆங்கிலம். கெடா அரசின் எழுத்தலுவல்கள் ஜாவி எழுத்தில் எழுதிய மலாயிலேயே நடந்தன. எனவே மொழிகள் குறைவுபடவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இடம் வகுக்கப்பட்டிருந்தது என்பதும், அவ்விடத்தைத் தாண்ட அதற்கு வழி இல்லை என்பதுமே கருதத்தக்கவை.

ஆஸ்திரிய ஒப்பீடு

இவ்விடத்தில் ஹப்ஸ்பர்க் மரபினர் ஆண்ட ஆஸ்திரிய ஹங்கேரியை ஒப்பிட்டுப் பார்ப்பது தெளிவு தரும். 1867ஆம் ஆண்டு ஆஸ்திரியப் பகுதிக்கு இயற்றப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, எல்லா மக்களினங்களுக்கும் தம் மொழியைப் பேணி வளர்க்கும் உரிமை உண்டென அறிவித்தது. பள்ளியிலும் அலுவலகத்திலும் பொதுவாழ்விலும் வழக்கிலுள்ள மொழிகள் சமம் என்றும் கூறிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பேரரசு வெளியிட்ட பணத்தாள்களில் ஜெர்மன், ஹங்கேரிய மொழிகளோடு வேறு எட்டு மொழிகளிலும் தொகை பொறிக்கப்பட்டது.

படையின் ஏற்பாடு இன்னும் நோக்கத்தக்கது. பொதுப்படையில் கட்டளை மொழி ஜெர்மன். வீரன் அறிய வேண்டியவை ஏறத்தாழ 80 கட்டளைச் சொற்களே. ஆனால் ஒரு படைப்பிரிவில் நூற்றுக்கு இருபதின்மர் பேசும் மொழி எதுவாயினும், அது அப்பிரிவின் மொழியாக ஏற்கப்படும்; அதிகாரிகள் அதனை மூன்றாண்டுகளுக்குள் கற்றாக வேண்டும். நில், நட, சுடு என்பவற்றை மேலோர் தம் மொழியிற் சொல்லினர். பயிற்றுவதற்கும், குறை கேட்பதற்கும், உரையாடுவதற்கும் வீரனுடைய மொழியைக் கற்றனர்.

அப்பேரரசைப் பொற்காலமெனப் புகழ்தல் பொருந்தாது. வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தத்தம் மொழியிற் பேசலாம். ஆயின் அதனைப் பெயர்த்துச் சொல்வார் இல்லை. யூதர் பேசிய இத்திஷ் மொழியைக் குடிக்கணக்கு ஒரு மொழியாகவே ஏற்கவில்லை. போகீமிய அலுவலர் செக், ஜெர்மன் இரண்டும் அறிய வேண்டும் என்று 1897இல் தலைமையமைச்சர் பதேனி ஆணையிட்டபோது கலகம் மூண்டு, அவரே பதவி இழந்தார். ஹங்கேரியப் பகுதியிலோ 1907ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் பிறமொழிப் பள்ளிகளை நெருக்கிற்று. 1918இல் பேரரசே சிதறியது. எனினும் ஓர் உண்மை எஞ்சுகிறது: அங்கே மொழி வழக்காடும் பொருளாக இருந்தது. குடிமகன் சட்டத்தைக் காட்டி அரசனைக் கேட்க முடிந்தது. மலாயாத் தோட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

இரு நூற்பெயர்கள்

தோட்டத்தில் துரைமார் கற்ற தமிழ் எத்தகையது என்பதை அறிய, அவர்கள் கற்ற கையேடுகளை நோக்குதல் வேண்டும். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் புதிதாக வரும் இளந்துரைமாருக்கென ஃபெர்குசன் என்பார் தொகுத்த கையேடு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அச்சாகிப் பல பதிப்புகள் கண்டது. அதன் பெயர் ‘இங்கே வா’. அடுத்த நூற்றாண்டில் வெல்ஸ் என்பார் அதே நகரில் வெளியிட்ட மற்றொரு நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. இலங்கையில் காப்பிச்செடி நோயுற்று அழிந்தபின் துரைமார் பலர் மலாயாவுக்கு வந்து, முதலில் காப்பியும் பின்னர் இரப்பரும் பயிரிட்டனர். அவர்களோடு இத்தமிழும் கடல் கடந்தது. 1919இல் தொடங்கிய மலாயாத் தோட்டத்துரைமார் சங்கம், இளந்துரைமாருக்குத் தமிழ்த் தேர்வும் நடத்தியது.

நூலின் பெயரே நூலின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. ‘வா’ என்பது ஏவல் ஒருமை வினைமுற்று. ஏவல் முன்னிலைக்கே உரியது என்பதும், விகுதி ஏதும் பெறாமல் பகுதியே ஏவலாக நிற்கும் என்பதும் மாணவரும் அறிந்த இலக்கணம். நன்னூலார் வினைப்பகுதிகளை வாய்பாடாக வரிசைப்படுத்தும்போது நட, வா எனத் தொடங்குவதும் இதுபற்றியே. தமிழ் வினைச்சொல்லில் திணை, பால், எண், இடம், காலம் ஆகிய அனைத்தும் பகுதிக்குப் பின்னரே வந்து சேர்கின்றன. பேசப்படுபவன் யார், அவனோடு பேசுபவனுக்குள்ள உறவு யாது, செயல் எப்போது நிகழ்ந்தது என்பனவெல்லாம் விகுதியிலும் இடைநிலையிலுமே உள்ளன. பகுதியோடு நின்றுவிட்டவன், தமிழில் வேலையைக் கற்றான், மனிதனைக் கற்றிலன்.

இவ்வகைக் கையேடுகளில் வினாக்களும் உண்டு. ஆயின் அவை கணக்குக் கேட்கும் வினாக்கள்: எத்தனை பேர், எவ்வளவு, ஏன் இல்லை என்பன. கேட்கப்படுபவனின் கருத்தை நாடும் வினாவுக்கு அங்கே தேவை எழவில்லை. தொழிலாளி துரையை நோக்கி ‘நீங்கள்’ எனப் பன்மையிற் பேசினான். துரை அவனை ‘நீ’ என்றான். முதியவனாயினும் முறை மாறவில்லை. ஒரே மொழியை இருவரும் பேசியும், இருவர் பேசியது ஒரே தமிழன்று.

இரண்டாம் நூலின் பெயரும் ஆராயத்தக்கது. தமிழில் ‘கூலி’ என்பது உழைப்புக்குரிய ஊதியம். வள்ளுவர் ஆள்வினையுடைமையில் அச்சொல்லை முயற்சியின் பயனாகவே ஆள்கிறார். தோட்ட ஆட்சியில் அச்சொல் ஊதியத்தை விட்டு நீங்கி, ஊதியம் பெறும் மனிதன்மேல் ஏறிற்று. பிறகு அவன் பேசும் மொழிக்கும் அடையாயிற்று. சங்ககாலந்தொட்டு வளர்ந்த மொழி ஒன்று, ‘கூலித் தமிழ்’ என்னும் தலைப்பின்கீழ் வந்து நின்றது.

மறுப்பும் விடையும்

ஐரோப்பியர் எல்லாரையும் இவ்வாறு ஒரே தட்டில் நிறுத்தலாமா என்று கேட்கலாம். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். போப் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். இவர்கள் பகுதியோடு நில்லாது விகுதியையும் கற்றவர்கள். அதற்கு மேலும் சென்றவர்கள். இவர்தம் தொண்டைத் தமிழுலகம் மறவாது. ஆனால் இவர்கள் தமிழை நாடி வந்தது கற்பதற்கும் கற்பிப்பதற்கும். பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு அவர்களுடைய நூல்கள் தேவைப்படவில்லை. ஒரே பேரரசின் நிழலில் போப்பின் தமிழும் இருந்தது, ‘இங்கே வா’ தமிழும் இருந்தது. தோட்டத்தை ஆண்டது பின்னதே.

தோட்டப்பள்ளிகளைச் சான்று காட்டுவோர்க்கும் இதே விடைதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மருக்குக் குறையாது இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று கூட்டரசு மலாய் நாடுகளின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் நன்றே. ஆயின் தொடக்கத்தில் கங்காணியும் கிராணியுமே ஆசிரியராக நின்ற பள்ளிகள் பல. தொடக்கக் கல்விக்கு மேல் வழியில்லாத அப்பள்ளி, பிள்ளையை மீண்டும் பால்மரத்தடிக்கே அனுப்பிற்று. தமிழ் அங்கே கற்பிக்கப்பட்டது. தமிழால் எங்கும் செல்லக் கற்பிக்கப்படவில்லை.

சந்தையில் பிறந்த சொற்கள்

ஏவலின்றி மொழிகள் கலந்த இடம் ஒன்று உண்டு. அது சந்தையும் துறைமுகமும் ஆகும். மலாய்மொழியில் வழங்கும் கெடாய் நம் கடை; காப்பால் நம் கப்பல்; பெத்தி நம் பெட்டி; காத்தில் நம் கட்டில்; செருத்து நம் சுருட்டு. இவையெல்லாம் பெயர்ச்சொற்கள். கொடுப்பவனும் கொள்பவனும் எதிரெதிரே அமர்ந்து பேசிய காலத்தில் பொருளோடு கைமாறிய சொற்கள். பேரரசு ஏற்படும் முன்பே நிகழ்ந்த கலப்பு இது.

காலனி நாடுகளில் இனங்கள் கலவாமல் சந்தையில் மட்டுமே சந்தித்தன என்று ஃபர்னிவல் என்னும் அறிஞர் 1948இல் எழுதினார். தோட்டத்தைப் பொறுத்தவரை அவர் கூற்று சரியே. எனினும் சந்தையை அவர் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார் எனல் வேண்டும். சந்தையில் பிறந்த சொற்கள் மலாய் வீடுகளுக்குள்ளும் சென்று இன்றும் வாழ்கின்றன. தோட்ட ஆட்சி தமிழுக்குத் தந்த பெரட்டு, மண்டோர், கிராணி முதலிய சொற்களோ, கணக்கெடுப்பையும் மேற்பார்வையையும் விட்டு அகலவில்லை.

ஏவலுக்கு எழுந்த மறுமொழி

ஏவலை மட்டுமே கேட்டுவந்த மக்கள் ஒருநாள் வேறு வினைமுற்றிற் பேசினர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டும் கேட்கப்படவில்லை. துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பனவும் கேட்கப்பட்டன. அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் ‘தமிழ் நேச’னில் பணியாற்றிய இதழாளர் என்பது தற்செயலன்று. தோட்டத்துக்கு வெளியே வளர்ந்த தமிழ் லயத்துக்குள் நுழைந்ததன் விளைவே அது. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைந்தபோது, அதற்குத் தமிழே அடிப்படையாக வேண்டுமெனக் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முர’சின் வழியே இயக்கம் நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் அவர் திரட்டிய நிதிக்குச் சிறுதொகை தந்தோருள் உழைக்கும் மக்கள் பலர். இவை எதுவும் பேரரசு அளித்த கொடையன்று.

இலக்கணத்தில் ஏவலை அடுத்து நிற்பது வியங்கோள். அது வாழ்த்தும், வேண்டும், விதிக்கும், வையவும் வையும். இருதிணை ஐம்பால் மூவிடத்துக்கும் அது பொது. ஏவல் எதிரே நிற்பவனை மட்டுமே தொடும். வியங்கோளோ பேசுபவனையும் தன்னுள் அடக்கும். ‘வாழ்க’ என்பதில் வாழ்த்துபவனுக்கும் பங்கு உண்டு. தோட்டத்து மக்கள் கேட்டது இந்த மாற்றத்தையே.

இன்றைய கடமை

பேரரசு போயிற்று. இரப்பர்க் காடுகள் பல செம்பனைக் காடுகளாயின. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மலேசியாவில் இன்றும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. ஆயின் ஏவல் தமிழ் துரையோடு கப்பலேறிப் போய்விட்டது என்று எண்ணுவது பேதைமை.

வீடுகளை நோக்குக. எழு, குளி, சாப்பிடு, படி, தூங்கு என்பன தமிழில் வழங்குகின்றன. பிள்ளையின் எண்ணத்தைக் கேட்கும் பேச்சோ பல வீடுகளில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. வகுப்பறைகளிலும் உட்கார், எழுது, பேசாதே என்பன தமிழாக நிற்க, வியப்பும் விளையாட்டும் பிறமொழியில் நிகழ்வதைக் காணலாம். கட்டளையை மட்டும் ஒரு மொழியிற் கேட்டு வளரும் பிள்ளை, கட்டளைக்குத் தப்பும் வயதில் அம்மொழிக்கும் தப்பிவிடும். இதில் பிள்ளையின் குற்றம் யாது?

இன்னொன்றும் உண்டு. இன்று தோட்டங்களிலும் உணவுக்கடைகளிலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். அவர்களை மேற்பார்ப்போருள் தமிழரும் உளர். அவர்களுடைய மொழியில் முதலிற் கற்கப்படும் சொல் எது? ‘இங்கே வா’ என்பதுதான் எனில், ஃபெர்குசன் நூலுக்குத் தமிழர் கையால் ஒரு புதுப்பதிப்பு வெளிவருகிறது என்றே கொள்ளல் வேண்டும்.

ஒரு நாட்டில் பத்து மொழிகள் வழங்குவது பெருமையே. அப்பத்திலும் மேலோர் கீழோரை ஏவ மட்டுமே செய்வர் எனில், அங்கே வழங்குவது ஒரு மொழிதான். ஒலி மட்டுமே பத்து. தமிழ் வகுப்பில் வினைமுற்றுப் பாடம் வரும்போது ஆசிரியர் ஏவலோடு நிறுத்தாது, வினவவும் வேண்டவும் மறுக்கவும் வாழ்த்தவும் மாணவரைத் தமிழிற் பேச வைப்பாராக. தேர்வுக்கு அது ஒரு மதிப்பெண் பெறும் வினாவாகலாம். தமிழ் நிற்பதும் தளர்வதும் அதனைப் பொறுத்ததே.